மண்ணூர்ப் பட்டறைக்கு ஒரு மதர்போர்டு

மண்ணூரில் ஒரு ஃபிக்சர் பட்டறை. வெல்டிங் ஃபிக்சர், செக்கிங் ஃபிக்சர் செய்து கொடுக்கிறார்கள். டிசைன் அறைக்குப் புது மெஷின் வேண்டும். "தம்பி, எத்தனை கோர் போடலாம்?" என்றார் முதலாளி. "அண்ணே, நம்ம டிசைனர் நாள் முழுக்க அதுல என்ன செய்றாங்க, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றேன்.

நாள் முழுக்க சாலிட்வொர்க்ஸ். எப்போதாவது கஸ்டமருக்குக் காட்ட ரெண்டரிங்.

*

இந்த வட்டாரம் முழுக்க இதே கதைதான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனால்ட்-நிஸான், 2012-இல் பாரத்பென்ஸ். பெரிய ஆலை ஒன்று வந்தால் அதற்கு ஜிக் செய்ய, டை செய்ய, கேஜ் செய்யச் சின்னப் பட்டறைகள் சுற்றிலும் முளைக்கும். ஒவ்வொன்றிலும் ஏசி போட்ட ஒரு சின்ன அறை. அந்த அறையில் இருக்கும் மெஷின் நின்றால் வெளியே மில்லிங் மெஷினுக்கு வேலை போகாது.

*

கோர் கணக்கு. ஒரு பாகத்தில் துளையின் இடத்தை மாற்றினால், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சேம்ஃபர், பேட்டர்ன், மிரர் எல்லாம் மறுபடி உருவாக வேண்டும். முன்னது முடியாமல் பின்னது தொடங்காது. அதனால் ரீபில்டு பெரும்பாலும் ஒரே கோரில் ஓடும். 64 கோர் த்ரெட்ரிப்பர் இந்த வேலையில் வேகமான எட்டுக் கோர் டெஸ்க்டாப்பிடம் தோற்கும். சிபியுவில் செய்யும் ரெண்டரிங் நேர்மாறு. எத்தனை கோர் கொடுத்தாலும் விழுங்கும். ஒரே மெஷினில் இரண்டும் நடக்கிறது என்பதற்காக, எப்போதாவது வரும் வேலையை வைத்து ப்ராசசர் வாங்கக் கூடாது. ரெண்டரிங்கை கிராபிக்ஸ் கார்டிடம் விடலாம்.

*

ப்ராசசர் பெயரைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, கடைசியில் "ஏதாவது போர்டு போடுங்க" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். எனக்கு இது பிடிப்பதே இல்லை. எத்தனை கார்டு, எத்தனை எஸ்எஸ்டி, எவ்வளவு ரேம், பிறகு எதை ஏற்றலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது போர்டும் சாக்கெட்டும். ப்ராசசரை மாற்றிக்கொள்ளலாம்; போர்டை மாற்றினால் மொத்தத்தையும் பிரித்துப் போட வேண்டும்.

ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் ப்ராசசரிலிருந்து வரும் பிசிஐஇ லேன்கள் 28. நான்கு சிப்செட்டுக்குப் போய்விடும். மீதி 24: கார்டுக்கு 16, எஸ்எஸ்டிகளுக்கு எட்டு. மற்ற எல்லாமே (சாட்டா, நெட்வொர்க், பெரும்பாலான யுஎஸ்பி, கூடுதல் ஸ்லாட்) சிப்செட் வழியாக, அந்த நான்கு லேனில்தான் போய்வர வேண்டும். டோல்கேட்டில் எல்லா வண்டிக்கும் ஒரே கவுண்டர் திறந்து வைத்த மாதிரி. டப்பாவில் "மூன்று எக்ஸ்16 ஸ்லாட்" என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். போனில் டார்ச் அடித்து இரண்டாவது ஸ்லாட்டுக்குள் பாருங்கள். பல போர்டுகளில் நீளம் முழு நீளம்தான். தங்க நிற முனைகள் ஒரு பக்கம் பாதிக்கும் முன்பே நின்றுவிடும், மீதி வெறும் பிளாஸ்டிக். அது எக்ஸ்4. மேனுவலில் பிளாக் டயகிராம் இருந்தால் கடைக்காரரிடம் பேசுவதற்கு முன் அதைப் படித்துவிட வேண்டும்.

*

இரண்டு கார்டு போடத்தான் வேண்டும் என்றால், முதல் ஸ்லாட்டின் 16 லேனை எட்டெட்டாகப் பிரித்துத் தரும் போர்டு தேவை. அசூஸ் புரோஆர்ட் எக்ஸ்870இ கிரியேட்டர் அந்த வகை. எக்ஸ்8-இல் ரெண்டரிங் வேகம் பெரிதாகக் குறையாது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலிருந்து என்விலிங்க் கிடையாது. இரண்டு 24 ஜிபி கார்டு சேர்ந்து 48 ஜிபி ஆகாது. சீன் 30 ஜிபி என்றால் இரண்டுமே திணறும்.

மூன்று, நான்கு கார்டு என்று போனால் த்ரெட்ரிப்பர், ஸீயான் டபிள்யூ பக்கம் போயே ஆக வேண்டும். டபிள்யூஆர்எக்ஸ்90 போர்டில் 128 லேன், எட்டு மெமரி சேனல். விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோவுக்குச் சரி. மண்ணூருக்கு வேண்டாம்.

*

சாக்கெட்டுக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 2017-இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் பயாஸ் மாற்றி, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டியை ஏற்ற முடிந்தது. அதே கம்பெனி 2019 நவம்பரில் த்ரெட்ரிப்பருக்காக டிஆர்எக்ஸ்40 கொண்டுவந்தது. அதில் ஏறிய ப்ராசசர்கள் மொத்தம் மூன்று. அதோடு சாக்கெட்டுக்கே முற்றுப்புள்ளி. பெருந்தொகை போட்டு அந்தப் போர்டை வாங்கியவர்களுக்கு அடுத்த தலைமுறை வரவே இல்லை. ஏஎம்5-க்கு 2027 வரையும் அதற்கு மேலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

இன்டெல் எல்ஜிஏ1700 மூன்று தலைமுறை பார்த்தது. 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851 வந்துவிட்டது. பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 எடுப்பவர்கள் முதல் வேலையாகப் பயாஸை ஏற்ற வேண்டும். அளவுக்கு மீறிய வோல்டேஜால் அவை நாளடைவில் பழுதாகும் சிக்கலுக்கு இன்டெல் 2024-இல்தான் மைக்ரோகோட் திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அதற்கு முன்பே பழுதான சில்லைத் திருத்தம் காப்பாற்றாது. செகண்ட் ஹேண்டில் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

*

ரேம்: நான்கு ஸ்லாட் இருக்கிறது என்பதற்காக நான்கையும் நிரப்பக் கூடாது. ரைசன் 9000-இல் இரண்டு டூயல் ரேங்க் ரேம் போட்டால் ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 5600. நான்கு போட்டால் 3600. இரண்டு 48 ஜிபி போட்டால் 96 ஜிபி ஆகிவிடுகிறது. ஃபிக்சர் அசெம்பிளிக்கு அது தாராளம்.

*

மே மாதம். அறை ஏசி மதியம் திணறும்போது மெஷினுக்குள் வெப்பம் தானாக ஏறும். 9950எக்ஸ் டப்பாவில் 170 வாட் என்று இருக்கும். முழு வேலையில் 230 வரை இழுக்கும். அந்தச் சுமை போர்டின் விஆர்எம் (ப்ராசசருக்கு மின்சாரம் தரும் பகுதி) மீது விழுகிறது. அதன் மேல் கனமான அலுமினிய ஹீட்சிங்க் இல்லாத போர்டை இந்த ஊரில் யாருக்கும் சொல்ல மாட்டேன். கதவு திறக்கும் போதெல்லாம் கூலன்ட் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ளே வரும். அதில் தூசி ஒட்டினால் பிரஷ்ஷுக்கு வராது. ஃபில்டர் உள்ள கேபினெட், தரையில் வைக்காமல் மேசை மேல்.

*

பொருத்தும்போது டிசைனரின் அக்கா வந்திருந்தார், ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் லைனில் வேலை பார்த்தவர். 2006 முதல் 2014 வரை ஓடிய ஆலை. போர்டைக் கவரிலிருந்து எடுத்த விதத்திலேயே தெரிந்தது: இரண்டு உள்ளங்கையும் விளிம்பில், விரல் எதுவும் மேல்பக்கம் படவில்லை. "சாக்கெட் மூடியை இப்போ கழட்டாதீங்க சார், ப்ராசசர் கையில வந்த அப்புறம் தொறங்க" என்றார். பின்கள் இப்போது சாக்கெட்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் வாரண்டி போச்சு. எத்தனையோ கடைகளில் இந்த நிதானத்தை நான் பார்த்ததில்லை.

*

கடைசியில் எடுத்தது: ரைசன் 7 9700எக்ஸ், எட்டுக் கோர், 65 வாட். நல்ல ஹீட்சிங்க் உள்ள பி850 போர்டு. இரண்டு 48 ஜிபி ரேம். ஆர்டிஎக்ஸ் 2000 அடா, 16 ஜிபி, 70 வாட். தனி பவர் கேபிளே வேண்டாம், இருக்கிற யுபிஎஸ் போதும். மிச்சமான பணத்தில் பேக்கப்புக்கு ஒரு நாஸ் வாங்கச் சொன்னேன்.

டிசைனருக்கு எழுதிக் கொடுத்தது: முதல் தடவை ஆன் செய்தால் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கும். பயந்து சுவிட்சை அணைக்க வேண்டாம். பயாஸ் மாற்றிய பிறகும் அப்படித்தான் இருக்கும்.