நவிரமலையின் கற்பாதை

அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை ஏரிகளால் அமைந்த நாடு. இங்கே மேடு என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் ஏரிக்கரை ஒன்றே. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரரையும் திருவேற்காட்டு வேதபுரீசுவரரையும் சமதரையில் நடந்தே வழிபட்டு முதுமை எய்திய அன்பர்கள் இப்பகுதியில் மிகுதி. அவர்களுள் பலருக்கும் ஒரு வேட்கை உண்டு. உடலில் வலு இருக்கும்போதே ஒரு முறையேனும் பர்வதமலை ஏறி மல்லிகார்ஜுனரைத் தரிசித்துவிட வேண்டும் என்பதே அது.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆற்காடு சென்று, ஆரணி, போளூர் வழியாக இம்மலையின் அடிவாரத்தை அடையலாம். தென்மகாதேவமங்கலம் ஒரு வழி. கடலாடி மற்றொரு வழி. உச்சியில் அருள்பாலிப்பவர்கள் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். ஸ்ரீசைலத்திலும் இறைவன், இறைவியின் திருநாமங்கள் இவையே. தேவாரம் பாடும் திருப்பருப்பதம் அந்த ஸ்ரீசைலமே ஆகும். பெயர் ஒற்றுமையால் இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் இன்றும் உள்ளனர்.

பர்வதமலையின் பெருமைக்குத் தேவாரச் சான்று தேட வேண்டியதில்லை. அதனினும் பழைய சான்று உண்டு. பத்துப்பாட்டின் இறுதி நூலாகிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. செங்கண்மா என்னும் இன்றைய செங்கத்தை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. அந்நூல் நவிரம் என்னும் மலையையும், அங்கு உறையும் காரியுண்டிக் கடவுளையும் குறிப்பிடுகிறது. காரியுண்டிக் கடவுள் என்றால் நஞ்சை உண்ட பெருமான். நவிரமே பர்வதமலை என்பது அறிஞர் பலரின் கருத்து. மலையைச் சூழ்ந்துள்ள கடலாடி முதலிய ஊர்களில் இறைவன் இன்றும் கரைகண்டேசுவரர் என்றே வழங்கப்படுவதைக் காணும்போது, அக்கருத்தை ஏற்பதில் தடை தோன்றவில்லை.

உ.வே.சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். புலவர்களின் கைக்கு வந்த அந்நூலை மலையேறும் அடியார்களும் ஒருமுறை கேட்டிருக்கலாம். ஏனெனில் மலைபடுகடாம் மன்னனைப் புகழ்வதோடு நில்லாமல் வழியும் சொல்கிறது. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்குப் பாதையின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறான். தினைப்புனம் காப்போர் கவணால் எறியும் கற்கள் பாய்ந்து வரும்; மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்க என்கிறான். பாசி படிந்து கால் வழுக்கும் இடங்களில் சிறுமூங்கிலையும் கொறுக்கையையும் பற்றிக்கொண்டு கடக்கச் சொல்கிறான். குழிகளில் பாம்பு ஒடுங்கிக் கிடக்கும். அங்கே கைதொழுது விலகிப் போகச் சொல்கிறான். பின்னால் வருபவனின் கால் தவறிவிடக் கூடாதே என்னும் பரிவு இச்சொற்களில் எல்லாம் ஓடுகிறது.

அந்தப் பாதை இன்றும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. தென்மகாதேவமங்கலத்துப் பச்சையம்மன் கோயிலையும், பேருருவாக வீற்றிருக்கும் முனிகளையும் வணங்கி ஏறத் தொடங்கினால், முதலில் படிக்கட்டு. அதுவரை யாருக்கும் அச்சமில்லை. படிகள் முடிந்த பின்னர்தான் மலை தன் இயல்பைக் காட்டுகிறது. வீட்டளவு பாறைகள், ஆட்டுக்கல் அளவு கற்கள், உள்ளங்கையளவு சில்லுகள் என எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்க, அவற்றின் இடையே நடையால் தேய்ந்த தடமே பாதை.

கயிலையிலிருந்து வந்த ஈசன் முதலில் திருவடி பதித்தது இம்மலையில் என்றும், பாரம் தாங்காமல் மலை அழுந்தியதால் அங்கிருந்து அண்ணாமலைக்கு எழுந்தருளினார் என்றும் ஐதீகம். உடைந்து கிடக்கும் இக்கற்களைப் பார்ப்பவருக்கு அக்கதை மிகையாகத் தோன்றாது. மண்ணியல் கூறும் காரணம் வேறு. பகலின் வெப்பத்தில் விரிந்தும் இரவின் குளிரில் சுருங்கியும் பாறை வெடிக்கிறது. வெடிப்பில் மழைநீர் இறங்குகிறது. மர வேர் நுழைந்து பிளக்கிறது. பிளந்த துண்டு சரிவில் உருண்டு, தடுப்பு கிடைத்த இடத்தில் நிற்கிறது. இப்படி நின்ற கல் நிலைத்த கல் அன்று. ஒரு பெருமழை அதை மீண்டும் அசைக்கும். கவனமின்றி வைத்த ஒரு பாதமும் அசைக்கும்.

ஆகவே இங்கே நடப்பதற்கு ஒரு முறை உண்டு. பெரிய கல் பொதுவாக அசையாது. சிறிய கல்லே காலை வாரும். உடல் எடையை மாற்றுவதற்கு முன்பு ஊன்றுகோலால் கல்லைத் தட்டிப் பார்ப்பது நல்லது. முன்னால் ஏறுபவருக்கு நேர்கீழே செல்லலாகாது. அவர் காலில் உருளும் கல் பின்வருபவரின் தலைக்கு வரும். மழை பெய்த மறுநாள் பாசியும் சருகும் சேர்ந்து எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். ஓடைகளில் திடீரென வெள்ளம் பெருகுவதும் உண்டு. மூச்சு வாங்குவது ஏறும்போது; முழங்கால் நடுங்குவது இறங்கும்போது. விபத்துகளுக்கு இறக்கமே ஏற்ற இடம் என்பதை, உச்சி கண்ட மகிழ்ச்சியில் பலரும் மறந்துவிடுகின்றனர்.

கற்குவியலைக் கடந்தால் கடப்பாறை நெட்டு. செங்குத்தான பாறையில் கடப்பாறைகளை அறைந்து, சங்கிலி பூட்டிய ஏற்றம் அது. இப்போது இரும்பு ஏணிப் படிகளும் உள்ளன. நடுத்தர வயதினரே அடிவாரத்திலிருந்து இங்கு வந்து சேர மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். முதியோரின் சோதனை இவ்விடத்தில்தான். கோயில் கண்ணுக்குத் தெரிகிறது, கால் மறுக்கிறது. இவ்வளவு தூரம் வந்து திரும்புவதா என்ற ஏக்கம் ஒருபுறம். உடன் வந்த பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடக் கூடாது என்ற கூச்சம் மறுபுறம். நெஞ்சு படபடப்பதை வெளியே சொல்லாமல் ஏறுவோர் உண்டு. சிவபெருமானுக்காகத்தானே என்று அதற்கு நியாயமும் சொல்லிக்கொள்வர்.

ஆவடியிலிருந்து அரக்கோணம் மார்க்கத்தில் திருவாலங்காடு உள்ளது. அங்கு அமர்ந்து ஆடல்வல்லானின் திருவடிக்கீழ்ப் பாடிய காரைக்கால் அம்மையார், கயிலை மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. உச்சியை எட்டும் விரைவைவிட, மலையே ஈசன் என்னும் அச்சமும் அன்பும் பெரியவை என்று அம்மையார் கருதினார். கடப்பாறை நெட்டின் அடியில் நின்று கைகூப்பித் திரும்பும் முதியவரும் அதே அச்சத்தோடும் அன்போடும்தான் திரும்புகிறார். அவருடைய யாத்திரை குறைபட்டது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மலை ஏற இயலாதோருக்குக் கிரிவலம் இருக்கிறது. மார்கழி முதல் நாளில் கோயில் மாதிமங்கலம் கரைகண்டேசுவரர் சந்நிதியிலிருந்து பெருந்திரளான அடியார்கள் புறப்பட்டு, பர்வதமலையை வலம் வருகின்றனர். இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. ஆனால் காலடியில் உருளும் கற்கள் இல்லை. முழுத் தொலைவும் நடக்க முடியாத முதியோர் சந்நிதியில் வணங்கிவிட்டுச் சிறிது தூரம் நடந்து, மீதியை வண்டியில் சுற்றுவதும் உண்டு. நடப்போர்க்கும் அமர்ந்தோர்க்கும் உச்சி பெரும்பாலும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். விடியற்காலைப் பனி விலகும் வேளையில், கடலாடிப் பக்கமிருந்து பார்த்தால், பாறை முடியின்மேல் சிறு வெண்புள்ளியாகக் கோயில் தெரியும்.