செம்மேட்டில் செவிலியர் ஆய்வும் சான்றுகளும்

மூலத்தையும் உரையையும் பிரித்தறிவது தமிழாய்வின் முதற்பாடம். கொல்லிமலைச் செம்மேட்டில் மகப்பேறு குறித்து ஆராயப் புகும் செவிலியர்க்கும் அதுவே பாடம். மகப்பேற்றுப் பதிவேடும் தாயின் வாய்மொழியும் முதன்மைச் சான்றுகள். அவற்றைத் தொகுத்துரைக்கும் கட்டுரைகள் துணைமைச் சான்றுகள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலில் மலையாளிப் பழங்குடியினர் பற்றிய பகுதி உண்டு. காலனியப் பார்வையை ஆராய்வோர்க்கு அது முதன்மைச் சான்று. இன்றைய தாயின் நிலைக்கு அது சான்றாகாது. வீட்டில் பிறந்ததெனப் பதிவேடு கூறும். 70 கொண்டையூசி வளைவுகளில் இரவில் இறங்க அஞ்சியதைத் தாயே கூறக்கூடும். அதைக் கேளாது எழுதினால் வழியின் குறை அவளது அறியாமையாகப் பதிவாகும். அப்பிழையே பின்வருவோர்க்கு மேற்கோளாகும்.