தாய்ப்பலகை தேடிய நாள்

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் ஹவுரா அமைந்துள்ளது. கிழக்குக் கரையில் கொல்கத்தா. இரு கரைகளையும் இணைக்கும் ஹவுரா பாலம் 1943ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் ஆற்றின் அடியிலும் மெட்ரோ இரயில் ஓடுகிறது. ஒரு சனிக்கிழமை காலை, ஹவுராவில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த தந்தையும் மகனும் அந்த இரயிலில் ஏறி எஸ்பிளனேடு நிலையத்தில் இறங்கினர். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது சாந்தினி சௌக். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, கொல்கத்தாவுக்குச் சாந்தினி சௌக் அப்படி. கணினி உறுப்புகள் விற்கும் கடைகள் அங்கே நெருங்கி நிற்கும்.

தந்தையின் சட்டைப்பைக்குள் ஐம்பதாயிரம் ரூபாய் இருந்தது. ஓராண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. வாங்கப்போகும் கணினியில் பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் விளையாட வேண்டும். கல்லூரியில் சேரவிருக்கும் அக்காளும் படிக்க வேண்டும். பழைய திரையும் கணினிப் பெட்டியும் வீட்டில் இருந்தன. சென்னையிலிருந்து மாமா இரண்டு டிடிஆர்4 நினைவகங்களை அனுப்பியிருந்தார். ஏனையவற்றை இந்தப் பணத்துக்குள் முடித்தாக வேண்டும். ஒன்றைத் தவறாக வாங்கிவிட்டால், மீண்டும் சேர்க்க எத்தனை மாதங்கள் ஆகுமோ!

செயலியை முன்பே முடிவு செய்திருந்தனர். அது ஆறு கோர்கள் கொண்ட ரைசன் 5 5600. அதற்கேற்ற தாய்ப்பலகையைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினமாக இருந்தது. கணக்கிடுவது செயலி, காட்சியைத் தீட்டுவது வரைகலை அட்டை. தாய்ப்பலகை இவ்விரண்டையும் செய்வதில்லை. எல்லா உறுப்புகளையும் தாங்கி, அவற்றுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளித்து, ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தகவலைக் கடத்துவதே அதன் வேலை. ஹவுரா பாலமும் தான் எங்கும் செல்வதில்லை. ஆனால் எந்த வண்டிகள், எத்தனை வண்டிகள் செல்லலாம் என்பதை அதன் அகலமும் வலிமையும் முடிவு செய்கின்றன. தாய்ப்பலகையும் அத்தகையதே.

கடைக்காரர் மூன்று பலகைகளை மேசைமேல் வைத்தார். மகனின் கண் முதலில் வண்ண விளக்குகள் பதித்த பலகைமேல் விழுந்தது. “அப்பா, இதுதான் விளையாட்டுக்கென்றே செய்த பலகை” என்றான். விலையைக் கேட்டதும் தந்தை மௌனமானார். அதை வாங்கினால் வரைகலை அட்டைக்கு ஒதுக்கிய பணத்தில் கைவைக்க வேண்டியிருக்கும்.

“காக்கு, இந்த விளக்குகள் இருந்தால் விளையாட்டு விரைவாக ஓடுமா?” என்று மகன் வங்காள மொழியில் கேட்டான். கடைக்காரர் சிரித்தார். “இதிலும் பி550 சிப்செட்தான், நடுவில் உள்ள பலகையிலும் அதுதான். காட்சியின் வேகம் பெரும்பாலும் வரைகலை அட்டையையும் செயலியையும் பொறுத்தது. விளக்குக்குக் கொடுக்கும் பணம் வேகத்துக்குப் போகாது” என்றார்.

தந்தையின் கை மூன்றாவது பலகையை எடுத்தது. ஏ520 சிப்செட் கொண்ட அதுவே மூன்றிலும் மலிவானது. அது அந்தச் செயலிக்குப் பொருந்தும். ஆனால் அதில் நினைவகச் செருகுவாய்கள் இரண்டே இருந்தன. மாமா அனுப்பிய இரண்டையும் பொருத்திவிட்டால், பின்னர் நினைவகத்தைக் கூட்ட இடமில்லை.

வேறொரு குறையையும் மகன் கண்டான். மின்வழங்கியிலிருந்து 12 வோல்ட்டில் வரும் மின்சாரத்தைச் செயலிக்கு ஏற்றவாறு ஏறக்குறைய 1 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் பகுதி தாய்ப்பலகையில்தான் உள்ளது. அவ்வேலையில் வெப்பம் உண்டாகும். மலிவான பலகையில் அப்பகுதியின்மேல் அலுமினிய வெப்பத்தணிப்பான் இல்லை. இன்றைய செயலிக்கு அது போதலாம். ஆனால் மே மாத ஹவுராவின் புழுக்கத்தில், நாளை எட்டு கோர்கள் கொண்ட செயலியை மாற்றினால் அப்பகுதி திணறக்கூடும்.

அப்போது மாமாவிடமிருந்து அழைப்பு வந்தது. எல்லாவற்றையும் கேட்ட அவர், “விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும், மாப்பிள்ளை. வீங்கவும் கூடாது, விரலை வெட்டிக்கொள்ளவும் கூடாது” என்றார்.

நடுவில் இருந்த பலகையை இருவரும் சேர்ந்து ஆராய்ந்தனர். ஏஎம்4 சாக்கெட்; செயலிக்குப் பொருந்தியது. டிடிஆர்4 செருகுவாய்கள் நான்கு. வெப்பத்தணிப்பான் இருந்தது. 24.4 சென்டிமீட்டர் சதுர மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு. வீட்டிலுள்ள பெட்டிக்குள் அடங்கும். பலகை செயலியைவிடப் பழையதாக இருந்தால் செயலியை அடையாளம் காணாமல் போகலாம் என்பதால், பயாஸ் எனப்படும் தொடக்க மென்பொருள் புதிய பதிப்புதானா என்றும் கேட்டுக்கொண்டனர். மூன்றாண்டு உத்தரவாதத்துக்கு, பலகையின் வரிசை எண் எழுதிய விற்பனைச் சீட்டையும் பெற்றனர். வரைகலை அட்டைக்கு ஒதுக்கிய பணம் குறையவில்லை.

அன்றிரவு கணினியைப் பூட்டினர். செயலியின் அடியில் 1331 மெல்லிய ஊசிகள் இருந்தன. ஒன்று வளைந்தாலும் செயலி பயனற்றுப் போகலாம். மகன் மூச்சை அடக்கி அதை மெல்ல வைத்தான், அழுத்தவில்லை. பொத்தானை அழுத்தியதும் திரை ஒளிர்ந்தது. அக்காள் கைதட்டினாள்.

தந்தை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “இரண்டு செருகுவாய்கள் காலியாக இருக்கின்றனவே?” என்றார்.

“அவை அடுத்த ஆண்டுக்கு, அப்பா” என்றான் மகன்.

சொல்லும் பொருளும்
செருகுவாய் – உறுப்பைச் செருகும் இடம்
மின்வழங்கி – கணினிக்கு மின்சாரம் தரும் உறுப்பு
புழுக்கம் – காற்றோட்டமற்ற வெப்பம்

சிந்தித்து எழுதுக
1. மலிவான பலகையை வாங்காததற்குரிய காரணங்கள் யாவை?
2. “விரலுக்கேற்ற வீக்கம்” என்னும் பழமொழி இக்கதைக்கு எவ்வாறு பொருந்துகிறது?
3. உங்கள் வீட்டில் ஒரு பொருளை வாங்குமுன் என்னென்ன ஆராய்ந்தீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.