சைகோன் சித்தியின் நூடுல்ஸ்

பணி ஓய்வு பெற்ற ஆண்கள் அடுப்படிக்குள் நுழைந்தால் இரண்டு விதமாக நடந்துகொள்வார்கள். ஒரு வகை, வெந்நீர் போடுவதைக்கூட வீட்டுக்காரம்மாவைக் கேட்டுக் கேட்டுச் செய்யும். இன்னொரு வகை, பத்துப் பாத்திரத்தை அழுக்காக்கி ஒரு ரசம் வைக்கும். நான் மூன்றாவது வகை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பதார்த்தம். அதை மட்டும் ஒழுங்காகச் செய்வேன். மாட்டுக்கறி நூடுல்ஸ்.

முசரவாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். பக்கத்தில் காஞ்சிபுரம். பட்டும் கோயிலும், மிளகு, சீரகம், சுக்கு போட்டுக் கூடையில் வேகவைக்கிற கோயில் இட்லியும்தான் ஊரின் அடையாளம். இங்கே வந்து மாட்டுக்கறி சமைக்கிறவன் எங்கிருந்து வந்தான் என்று கேட்பீர்கள். பாண்டிச்சேரியிலிருந்து வந்தேன். இந்தச் சமையல் அதற்கும் அப்பாலிருந்து வந்தது, வியட்நாமின் சைகோனிலிருந்து.

இளைய தலைமுறைக்கு இந்தக் கதை தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் 1859இல் சைகோனைப் பிடித்தார்கள். அங்கே நிர்வாகம் நடத்த, எழுதப் படிக்கத் தெரிந்த, பிரெஞ்சு பேசுகிற ஆட்கள் தேவைப்பட்டார்கள். பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். 1881இல் ஓர் ஆணை வந்தது. தன் சாதி, மதம் சார்ந்த வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று பதிவு செய்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களின் உரிமையைப் பெறலாம் என்றது. அப்படிப் பதிவு செய்தவர்கள் பலர் கப்பலேறினார்கள். சைகோனில் குமாஸ்தா, போலீஸ், சுங்க இலாகா, வரி வசூல் என்று வேலை பார்த்தார்கள். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார்களும் போய் வட்டிக்கடை நடத்தினார்கள். அங்கே மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது.

என் சித்தப்பா சைகோன் துறைமுகத்தில் சுங்க இலாகா வேலையில் இருந்தார். 1954இல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே வருடம் நவம்பர் 1ஆம் தேதி பாண்டிச்சேரியும் இந்தியாவின் கைக்கு வந்தது. அங்கேயும் கொடி இறங்கியது, இங்கேயும் இறங்கியது. அடுத்த வருடம் சித்தப்பா ஊர் திரும்பினார். கூடவே சித்தி வந்தார். சித்தி வியட்நாம்காரர்.

அப்போது எனக்கு விவரம் தெரியாத வயது. எனக்கு நினைவு தெரிந்த நாளில் சித்தி ஓரளவு தமிழ் பேசினார். 'ழ' அவர் வாயில் கடைசிவரை வரவில்லை. தெருவில் அவருக்குப் பெயரே கிடையாது, 'சைகோன்காரி' மட்டும்தான். எங்கள் ஆயா அவரைத் திட்டியதும் இல்லை, சமையலறைக்குள் விட்டதும் இல்லை. கிணற்றடியில் ஓர் அடுப்பு போட்டுக் கொடுத்தார். இரண்டு பாத்திரம், ஒரு இரும்பு வாணலி, ஒரு சிறு கத்தி. சித்தியின் ராஜ்யம் அவ்வளவுதான்.

அந்த அடுப்பில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மாட்டுக்கறி நூடுல்ஸ் வேகும். சித்தி அதை 'மீ' என்பார். வியட்நாமிலும் ஒரு காலத்தில் மாடு என்றால் உழவுக்குத்தான். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே வந்த பிறகுதான் மாட்டிறைச்சி அதிகமாகப் புழங்க ஆரம்பித்தது. இன்று உலகமெல்லாம் பேசுகிற 'ஃபோ' சூப்பில் மாட்டெலும்பு வந்ததும் அந்த வழியில்தான் என்று சொல்வார்கள். ஆயாவுக்கு உண்மையில் கறியின் மேல் அவ்வளவு கோபம் இல்லை. சித்தி நெத்திலியையும் உப்பையும் ஜாடியில் அடைத்து மாதக்கணக்கில் ஊறவிட்டு மீன் சாறு எடுப்பார். 'நுவக் மாம்' என்று பெயர். அந்த ஜாடியைத் திறந்தால் ஆயா தெருத் திண்ணைக்குப் போய்விடுவார்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு எல்லாம் பிரெஞ்சு மீடியம். மாட்டிறைச்சிக்கு அங்கே ஒரு சொல். ஒருமையில் 'பெஃப்' என்று கடைசியில் காற்று வர வேண்டும். பன்மையில் எழுத்து ஒன்று கூடும், ஆனால் ஒலி குறைந்து வெறும் 'பெ' ஆகிவிடும். எங்கள் மெத்ர் இதற்காக எங்கள் காதைத் திருகியிருக்கிறார். இங்கிலீஷ்காரன் 'பீஃப்' என்பதும் இதே சொல்லிலிருந்து போனதுதான். வகுப்பில் அந்தச் சொல்லை உரக்கச் சொன்னால் நல்ல மார்க். அதையே தமிழில் தெருவில் உரக்கச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரே பொருளுக்கு ஒரு மொழியில் மரியாதை, இன்னொரு மொழியில் கூச்சம். இது எனக்குப் பத்து வயதிலேயே விளங்காத விஷயமாக இருந்தது.

1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சித்தப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. அதனால் சித்தப்பா பிள்ளைகள் பிரான்சுக்குப் போனார்கள், நான் பாண்டிச்சேரி அரசில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து, இங்கிலீஷில் நோட் எழுதப் புதிதாகக் கற்றுக்கொண்டு, பைல் கட்டிக் காலம் தள்ளினேன்.

1975 ஏப்ரல் 30ஆம் தேதி சைகோன் விழுந்தது. ரேடியோவில் செய்தி கேட்டோம். சித்தி ஒன்றும் பேசவில்லை. அதுவரை அவருடைய தங்கையிடமிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். அது நின்றுபோனது. பல வருடம் கழித்துப் பிரான்சிலிருந்து ஒரு தபால் வந்தபோதுதான் தங்கை உயிரோடு இருப்பது தெரிந்தது. இடைப்பட்ட காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அடுப்பு எரிந்தது. அழுகையோ புலம்பலோ நான் பார்த்ததில்லை. கறியை நறுக்கும்போது மட்டும் யாரையும் பக்கத்தில் வரவிடமாட்டார். இப்போது யோசித்தால், அந்த வாணலிதான் அவருக்கு மிச்சமிருந்த ஊர் என்று தோன்றுகிறது.

நூடுல்ஸோடு கடல் தாண்டி வந்தவர் சித்தி மட்டும் இல்லை. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு லட்சக்கணக்கில் திரும்பிய நம்மவர்கள் சென்னை பர்மா பஜார் பக்கம் அத்தோ கடை போட்டார்கள். கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய் எல்லாம் கையால் பிசைந்து தருவார்கள், கூட வாழைத்தண்டு சூப். மலேயாவுக்குப் போன தமிழ் முஸ்லிம்களின் கடைகளில் மீ கோரிங் பேர் பெற்றது. 1983இல் மேகி வந்து இரண்டே நிமிடம் என்றது. இன்று எந்தத் தாலுகா ஊரிலும் சாயங்காலமானால் தள்ளுவண்டியில் வாணலி தட்டுகிற சத்தம்தான்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். சென்னையில் படிக்கிற என் பேத்தி போனில் கேட்டாள், அவளுக்காகவும்தான் எழுதுகிறேன். இரண்டு பேருக்குக் கால் கிலோ எலும்பில்லாத கறி, 150 கிராம் நூடுல்ஸ்.

முதலில் கறி. பாய் கடையில் 'பெரிய கறி' என்று கேளுங்கள். அண்டர்கட் கிடைத்தால் யோகம், இல்லாவிட்டால் தொடைச் சதை. நம் ஊர்க் கறி ஏன் முற்றலாக இருக்கிறது என்பதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1958ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று வாங்கிய மாட்டைத்தான் அறுக்கலாம், அல்லது நிரந்தரமாக முடங்கிப்போனதை. பசுவை அறுக்க 1976இலேயே அரசாணை மூலம் தடை. ஆகவே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ரிட்டயர்டு ஆன காளையும் எருமையும்தான். என் வயதுக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பக்குவமாகத்தான் கையாள வேண்டும்.

கறியைக் கழுவித் துடைத்து அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். லேசாக விறைத்தால் மெல்லிசாக நறுக்க வரும். சதையில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நெசவில் பாவு ஓடுவது மாதிரி நீளவாக்கில் தெரியும். அதற்குக் குறுக்கே வெட்ட வேண்டும், ஊடை போகிற திசையில். நார் துண்டுபட்டால் பல்லுக்கு வேலை குறையும். இதை முசரவாக்கத்துக்கு வந்த பிறகு தறியைப் பார்த்துத்தான் இப்படிச் சொல்லக் கற்றேன். சித்தி வெறுமனே கத்தியைக் காட்டுவார்.

நறுக்கியதில் கால் டீஸ்பூன் சமையல் சோடா பிசறிக் கால் மணி நேரம் வைத்து, நன்றாகக் கழுவிப் பிழியுங்கள். சோடாவின் காரத்தன்மையால் கறியில் உள்ள புரதம் சூட்டில் இறுகிக்கொள்வது குறையும். பிறகு ஒரு ஸ்பூன் சோயா சாஸ், ஒரு ஸ்பூன் சோளமாவு, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு ஸ்பூன் எண்ணெய் போட்டுப் பிசைந்து வையுங்கள்.

நூடுல்ஸைக் கொதிநீரில் முக்கால் வேக்காட்டில் எடுத்து, பச்சைத் தண்ணீரில் அலசி வடித்து, கொஞ்சம் எண்ணெய் தடவி உதிர்த்து வையுங்கள்.

பூண்டு ஐந்து பல், இஞ்சி சிறு துண்டு, ஒரு வெங்காயம், ஒரு கைப்பிடி கோஸ், ஒரு கேரட், வெங்காயத்தாள். எல்லாவற்றையும் நறுக்கித் தட்டில் வரிசையாக வைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். இணைப்புகள் எல்லாம் சேர்ந்த பிறகுதான் பைலை மேலே அனுப்ப வேண்டும் என்று எங்கள் சூப்பிரண்டு சொல்வார். இங்கேயும் அதே விதி. பாதியில் பூண்டைத் தேடினால் கறி ரப்பராகிவிடும்.

இரும்பு வாணலியைப் புகை வருகிற அளவுக்குக் காயவிட்டு இரண்டு ஸ்பூன் எண்ணெய். கறியைப் பாதிப் பாதியாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் சூடு இறங்கித் தண்ணீர் விட்டு அவிந்துபோகும். அரை நிமிடம் கிளறாமல் விட்டு, பிறகு புரட்டி, ஒன்றரை நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். அதே வாணலியில் பூண்டு, இஞ்சி, வெங்காயம், காய்கறி ஒரு நிமிடம். நூடுல்ஸ், ஒன்றரை ஸ்பூன் சோயா சாஸ், மீன் சாறு இருந்தால் அரை ஸ்பூன், இல்லாவிட்டால் உப்பு. கறியைத் திரும்பப் போட்டு இரண்டு புரட்டு. வெங்காயத்தாள் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்குங்கள். அடுப்பு எரிவது மொத்தம் ஏழெட்டு நிமிடம்.

பேத்தி இன்னொன்றும் கேட்டாள். "தாத்தா, ரூமில் இருக்கிற பிள்ளை என்ன கறி என்று கேட்டால் மட்டன் என்று சொல்லிவிடட்டுமா?"

அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஓய்வுக்குப் பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு வாடகை வீடு பார்த்தோம். வீட்டுக்காரர் கவிச்சி உண்டா என்றார். உண்டு, மாதம் ஒருமுறை மாட்டுக்கறியும் உண்டு என்றேன். வாங்கிய அட்வான்ஸை மறுநாள் காலையில் ஆள் மூலம் திருப்பி அனுப்பினார். 'ஏன் சொன்னீர்கள்' என்று என் மனைவி அன்று கேட்டாள். அவள் மாட்டுக்கறி சாப்பிடமாட்டாள். பிறகு அவளுடைய அப்பா வீட்டு மனையில், முசரவாக்கத்தில், இந்தச் சின்ன வீட்டைக் கட்டினோம். இதெல்லாம் ஒரு கிழவனின் வீட்டு விவகாரம் மட்டும் இல்லை. 2022இல் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தார்கள். மாட்டுக்கறி பிரியாணிக்கு அங்கே இடமில்லை என்றதும் சர்ச்சை எழுந்தது, மழை வருகிறது என்று விழாவையே தள்ளி வைத்தார்கள். ஊர் சாப்பிடுவதை ஊர் விழாவில் வைக்கக் கூச்சம்.

மறைக்காதே என்றால் முகத்துக்கு நேரே காட்டு என்று அர்த்தமில்லை. பக்கத்து வீட்டில் தறி இருக்கிறது. அவர்கள் புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம். அந்த மாதம் நானும் வாணலியை எடுப்பதில்லை. 2019இல் அத்திவரதர் நாற்பது வருடத்துக்குப் பிறகு வெளியே வந்து 48 நாள் தரிசனம் தந்தபோது ஊரே அலைமோதியது. அந்த 48 நாளும் எங்கள் வீட்டில் கறி இல்லை. யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் விட்டேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு நான் என்ன சாப்பிடுகிறேன் என்று தெரியும். அவர் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் என்னை உட்காரவைத்தார். மரியாதை வேறு, பயம் வேறு. மரியாதையில் இரண்டு பேரும் நிமிர்ந்து நிற்கலாம்.

பேத்திக்கு இதைத்தான் சொன்னேன். "கேட்டால் மாட்டுக்கறி என்று சொல். அந்தப் பிள்ளைக்கு வாசனை பிடிக்காவிட்டால் அவள் இல்லாத நேரம் பார்த்துச் செய். வாணலியைக் கழுவி வை. மட்டன் என்று மட்டும் சொல்லாதே." சித்தி நாற்பது வருடம் கிணற்றடியில் சமைத்தார். ஒரு நாளும் அதை வேறு பெயர் சொல்லிப் பரிமாறவில்லை.

என் மனைவி இன்றும் ஒரு வாய்கூட வைப்பதில்லை. ஆனால் வெங்காயத்தாளை என்னைவிடப் பொடியாக நறுக்கித் தருவாள். "எண்ணெய் காய்ந்துவிட்டது, பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள்" என்று கூடத்திலிருந்து குரல் வரும்.