இன்னிக்கு மியூசியம் லீவு

பரீட்சை முடிந்த மறுநாள் காலையில் உங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி வந்திருக்கும். "இந்த லீவுக்கு எங்கப்பா போறோம்?" பக்கத்து ஃப்ளாட் பையன் ஊட்டிக்குப் போகிறான். எதிர் ஃப்ளாட் பெண்ணுக்கு சிங்கப்பூரில் பெரியப்பா இருக்கிறார். நம் வீட்டு வாண்டுகள் நம் முகத்தைப் பார்க்கும். நாம் பேப்பரைப் பார்ப்போம்.

இந்தக் கேள்விக்கு என் அப்பாவிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. "இன்னிக்கு மியூசியம் லீவுடா."

அப்போது நாங்கள் வில்லிவாக்கத்தில் இருந்தோம். அப்பா ஒரு தனியார் கம்பெனியில் கிளார்க். அக்காவும் நானும் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, தலைசீவி, ரெடியாக நிற்போம். எழும்பூர் மியூசியம் போகலாம் என்றால் லீவு. சரி, வண்டலூர் போகலாம் என்றால், "புலிக்குக் காய்ச்சலாம். யாரையும் உள்ளே விடலையாம்." பீச்சில் லைட் ஹவுஸ் மேலே ஏறலாம் என்றால், "அது மூடிக் கெடக்கு." அந்தப் புலிக்கு மட்டும் எப்படி மாசத்தில் மூன்று தடவை காய்ச்சல் வந்தது என்று எனக்கு சந்தேகமே வரவில்லை. பாவம் புலி என்று வருத்தப்பட்டுக்கொண்டு கோலி விளையாடப் போய்விடுவேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஐம்பொன் சிலைகள் பற்றி எழுத என்னை எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பினார்கள். வாசலில் ஒரு போர்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை. நான் அந்த போர்டு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். வாரத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் வெள்ளிக்கிழமை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மியூசியம் ஒரு தடவைகூட மூடியிருக்கவில்லை!

ஒரு விஷயத்தில் மட்டும் அப்பா சொன்னது உண்மை. மெரினா கலங்கரை விளக்கத்தைப் பாதுகாப்புக் காரணங்களுக்காக நிஜமாகவே பொதுமக்களுக்கு மூடி வைத்திருந்தார்கள். ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து 2013-ல்தான் மறுபடி திறந்தார்கள்.

அந்த போர்டைப் பற்றி அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை. எதைக் கேட்பது?

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2024 கோடை விடுமுறையில் நான் நல்ல அப்பாவாக இருக்க முடிவு செய்தேன். ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு நாலு பேரும் போனோம். டிக்கெட், தண்ணீரில் இறங்க நைலான் டிரஸ், லாக்கர், சாப்பாடு, ஐஸ்கிரீம், போக வர டாக்சி. மொத்தம் 8,460 ரூபாய். பி.காம். படித்தவன், கணக்கு மறக்காது.

அன்றைக்கு நான் பிள்ளைகளிடம் பேசிய வசனம் ஒன்றே ஒன்றுதான். "காசு குடுத்திருக்கோம்ல, ஏறு!" சின்னவளுக்கு அப்போது எட்டு வயசு. ராட்டினத்தைப் பார்த்து அழுகிறாள். பெரியவன் பதினோரு வயசு, வெயிலில் தலைவலி என்கிறான். நானோ மேப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாத ராட்டினங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். செலவழித்துவிட்ட பணம் திரும்ப வராது, அதை மனதில் வைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்று காலேஜில் கரடியாகக் கத்தினார்கள். அதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் 8,460 ரூபாய் கண்ணை மறைக்கிறதே! திரும்பி வரும்போது டாக்சியில் யாரும் யாரோடும் பேசவில்லை.

அடுத்த வருஷம், 2025. நான் வேலை பார்த்த இடத்தில் மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரல் 20 வரை வரவில்லை. ஏப்ரல் சம்பளம் பாதிதான் வந்தது. வாடகை என் மனைவியின் சம்பளத்தில் ஓடியது. ஜூனில் இரண்டு ஸ்கூல் ஃபீஸ் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியவன் கேட்டான். "அப்பா, இந்த வருஷமும் அந்த பார்க்குக்குப் போலாமா?"

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகப் பேசியது. "அங்க ஏதோ ரிப்பேர் வேலையாம்டா. மூடிட்டாங்களாம்."

அவன் அவன் அம்மாவின் போனை எடுத்து இரண்டு தட்டு தட்டினான். "ஓப்பன்னு போட்டிருக்கேப்பா. காலைல பத்தரைலேர்ந்து."

என் அப்பா கொடுத்து வைத்தவர். அவர் காலத்தில் புலியின் காய்ச்சலைப் போனில் சரிபார்க்க முடியாது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுபத்தேழு வயசு. ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அன்று ராத்திரி இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒரு வெள்ளைப் பேப்பரில் வரவு, செலவு எழுதினேன். வாடகை, மளிகை, பால், தாத்தா மாத்திரை, ஸ்கூல் ஃபீஸ், கரண்ட் பில். கடைசியில் ஒரு கோடு போட்டு 3,000 என்று எழுதினேன். "இதுதான் இந்த லீவுக்கு நம்மகிட்ட இருக்கு."

என் கை லேசாக நடுங்கியது. ஆபீஸில் சம்பளம் கேட்கும்போதுகூட நடுங்கவில்லை.

சின்னவள் கேட்டாள், "அப்பா, நாம ஏழையா?"

"இல்லம்மா. இந்த ரெண்டு மூணு மாசம் கொஞ்சம் டைட்."

"அப்ப சரி," என்றாள்.

அவ்வளவுதான். பெரியவன் பேப்பரை இழுத்து 3,000-ஐ ஐந்தால் வகுத்தான். அஞ்சு அவுட்டிங், ஒன்றுக்கு 600 ரூபாய். ஒரு பழைய ஜியாமெட்ரி பாக்ஸ் கல்லாப்பெட்டி ஆனது. சின்னவள் கேஷியர், பெரியவன் கணக்கப்பிள்ளை. தாத்தா ஆடிட்டர். எனக்கு ஒரு பதவியும் கொடுக்கவில்லை.

முதல் வாரம் மெரினா. அதிகாலை ரயில். எங்கள் வீடு வேளச்சேரி. பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் ஸ்டேஷனுக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய். நாங்கள் எல்லாம் மெரினாவுக்கு சாயங்காலம் போய் சுண்டல் சாப்பிடுகிற கூட்டம். மே மாத மெரினாவைக் காலை ஐந்தே முக்காலுக்குப் பார்க்க வேண்டும் சார். கடலில் சூரியன் எழும்பி வருகிறது, கரைக்குப் படகு வருகிறது. நொச்சிக்குப்பம் பக்கம் வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கிற அம்மாவிடம் சின்னவள் பத்து நிமிஷம் பேசினாள். எட்டு மணிக்கு வெயில் சுடுவதற்குள் இட்லி, வடை, காபி முடித்து வீட்டில் இருந்தோம். செலவு 280. மிச்சம் 320. "அடுத்த வாரத்துக்குச் சேர்த்துக்கலாம்!" என்று பெட்டியைக் குலுக்கினாள் கேஷியர்.

இரண்டாவது வாரம் கோட்டூர்புரம். அதே ரயில். அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தது 2010-ல். உள்ளே போகக் காசு கிடையாது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு. பெரியவன் நாலு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவன், மூன்று மணி நேரம் அசையவில்லை. அக்னி நட்சத்திரத்தில் மூன்று மணி நேரம் ஏ.சி.யில் சும்மா உட்கார வைத்து, யாரும் வந்து "என்ன சார் வேணும்?" என்று கேட்காத இடம் இந்த ஊரில் வேறு எங்கே இருக்கிறது? பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம், 1988-ல் வந்தது. மரத்தடியில் புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். அப்புறம் நட்சத்திரங்கள். விளக்கை அணைத்ததும் சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முந்தின வருஷம் ராட்டினத்தில் பிடித்த பிடி வேறு, இது வேறு.

மூன்றாவது, கிண்டி சிறுவர் பூங்கா. டவுன் பஸ்ஸில் என் மனைவிக்கும் மகளுக்கும் டிக்கெட் இலவசம். 2021-ல் வந்த திட்டம். காசில்லாத டிக்கெட்டைச் சின்னவள் கணக்கு நோட்டில் ஒட்டி, கீழே, 'அம்மாவும் நானும் 0. செலவு வைப்பது அப்பாவும் அண்ணாவும்' என்று எழுதினாள். பூங்காவில் ஒரு மணி நேரத்தில், "போதும்பா, கால் வலிக்குது" என்றாள். உடனே கிளம்பிவிட்டோம். எனக்கே ஆச்சரியம். அந்த வசனம் வாயில் வரவில்லை. மலிவான அவுட்டிங்கில் இருக்கிற பெரிய சௌகரியம் இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குத் திரும்பலாம்.

நான்காவது, மாமல்லபுரம். பெரியவர்களுக்கு 40 ரூபாய், பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. இதை போர்டில் படித்துச் சொன்னது கணக்கப்பிள்ளைதான். ஐந்து ரதங்களைச் சுற்றி வந்தோம். ஏழாம் நூற்றாண்டு, பல்லவர்கள், ஒரே பாறை, வேலை முழுசாக முடியவில்லை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சின்னவள் ரதத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன்பா முடிக்கல? அவங்களுக்கும் அந்த மாசம் டைட்டா?"

பக்கத்தில் நின்ற ஒரு குடும்பமே சிரித்தது. பஸ் செலவில் அன்றைக்கு 600-ஐத் தாண்டினோம். மெரினாவில் மிச்சம் பிடித்தது கை கொடுத்தது.

ஒவ்வொரு வாரமும் ராத்திரி இரண்டும் தாத்தாவிடம் நோட்டை நீட்டும். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கூட்டிப் பார்த்து ஒரு டிக் அடிப்பார். கடைசி அவுட்டிங் மியூசியம் என்று முடிவானபோது, "நானும் வரேன்டா" என்றார்.

ஜூன் 2 ஸ்கூல் திறக்கிறது. சனிக்கிழமை ஒரு கல்யாணம். அதற்கு முன்னால் போய்விடலாம் என்று கிளம்பினோம். பூங்கா நகரில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மாறி, எழும்பூர். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழி முழுக்க நான் பிள்ளைகளுக்குக் கதை சொன்னேன். 1851-ல் ஆரம்பித்த மியூசியம், உள்ளே திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார், திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது, வண்டலூரில் இருக்கிற மிருகக்காட்சி சாலையே 1855-ல் இந்த வளாகத்தில்தான் தொடங்கியது என்றெல்லாம்.

கேட் மூடியிருந்தது. "வெள்ளிக்கிழமை லீவு சார்," என்றார் வாட்ச்மேன்.

மே 30, வெள்ளி. பிள்ளைகளுக்கு லீவு, எனக்கு ஆபீஸில் பாதி வேலை. வீட்டில் யாருக்குமே கிழமை நினைவில்லை. இருபது வருஷமாக அந்த போர்டை மனசில் மாட்டி வைத்திருந்தவன் நான். நானே மறந்துவிட்டேன்.

பிள்ளைகள் முகம் விழுந்தது. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. தடியை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

"இன்னிக்கு நிஜமாவே மியூசியம் லீவுடா."

எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். எங்களுக்கு டீ, பிள்ளைகளுக்கு ரோஸ் மில்க். நான் கேட்காமலே அப்பா சொன்னார். "சனிக்கிழமை ராத்திரி பர்ஸை எடுத்து எண்ணுவேன். பஸ்ஸுக்கும் முறுக்குக்கும் தேறலைன்னா மறுநாள் புலிக்குக் காய்ச்சல்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேப்பா. நான் இவங்ககிட்ட சொன்ன மாதிரி."

டம்ளரைச் சுற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். "உனக்கு ரெண்டு மாசம்தான் டைட்டு. சொல்லிடலாம். எனக்கு எப்பவுமே அப்படித்தான். சொல்லியிருந்தா நீயும் அக்காவும் கேக்கறதையே நிறுத்தியிருப்பீங்க. புள்ளைங்க கேக்கறதை நிறுத்திட்டா, அப்புறம் வீட்டுக்கு எதுக்குடா வரணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. பிள்ளைகளிடம் பணக் கஷ்டத்தை மறைக்காதீர்கள், பட்ஜெட்டை அவர்கள் கையில் கொடுங்கள் என்று உங்களுக்கு அட்வைஸ் செய்யத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். அதை இப்போதும் சொல்கிறேன். கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு போங்கள், வெயிலுக்கு முன்னால் கிளம்புங்கள், குழந்தை போதும் என்றால் திரும்பிவிடுங்கள், விடுமுறை நாள் எது என்று விசாரித்துவிட்டுப் போங்கள். ஆனால், எங்கோ ஒரு அப்பா இன்றைக்கும் புலிக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தால், அவரைத் தப்பாக நினைக்காதீர்கள்.

அன்றைக்கு எழும்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ரயில் பார்த்தோம். தாத்தா பேரனுக்கு எந்த வண்டி எந்த ஊருக்குப் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய் மியூசியத்தையும் பார்த்துவிட்டோம்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சின்னவள் எழுதியிருக்கிறாள். 'மே 30. மியூசியம் லீவு. செலவு 0.' அதற்குப் பக்கத்தில் ஆடிட்டர் நடுங்குகிற கையெழுத்தில் ஒரு வார்த்தை சேர்த்து, டிக் அடித்திருக்கிறார்.

'நிஜம்.'