இணை நோய்: இல்லை

2021 மே மாதம். தமிழ்நாட்டில் ஒருநாள் கொரோனா தொற்று 36,000-ஐத் தாண்டியிருந்தது. சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் நான் ஸ்டாஃப் நர்ஸ். வாசலில் 108 வண்டிகள் வரிசையாக நிற்கும். கட்டில் காலியாகும்வரை வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன் ஓடும். அட்மிஷன் தாளில் பெயர், வயது, எத்தனை நாள் காய்ச்சல் என்று எழுதிவிட்டு, 'இணை நோய்' என்ற கட்டத்துக்கு வருவேன்.

சர்க்கரை, பிரஷர், இதய நோய், டயாலிசிஸ். எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. வயதுக்கு அடுத்தபடி, யாரை எந்நேரமும் கண்ணில் வைத்திருக்க வேண்டும் என்பதை அந்தக் கட்டம்தான் எங்களுக்குச் சொல்லும். ஆனால் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு உள்ளே போன சிலரைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஓர் ஆட்டோக்காரர். நாற்பதைத் தாண்டிய வயது, கனத்த உடம்பு. மகளிடம் போனில் பேசிக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கினார். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன்: 78.

"மூச்சு வாங்குதாண்ணா?"

"கொஞ்சம் அசதி சிஸ்டர், அவ்வளவுதான்."

மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் கரியமில வாயுதான். அது வெளியேறிக்கொண்டிருக்கும்வரை ஆக்சிஜன் குறைவது ஆளுக்கே தெரியாது. அப்படித் தெரியாமல் பல பேர் வீட்டிலேயே நாட்களைக் கடத்திவிட்டு வந்தார்கள்.

"சுகர் இருக்கா?"

"அதெல்லாம் கிடையாது."

"டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?"

"நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு எடுக்கணும்?"

குத்திப் பார்த்தால் 380. காய்ச்சலே சர்க்கரையை ஏற்றும் என்பதால் ஹெச்பிஏ1சி அனுப்பினார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அந்தப் பரிசோதனை 11 என்று வந்தது. கொரோனா கொண்டுவந்த சர்க்கரை அல்ல அது. அதற்கு வெகுகாலம் முன்பே குடியேறியது. குப்புறப் படுக்க வைத்தோம், மாஸ்க் மாற்றினோம், வென்டிலேட்டரும் வைத்தோம். அவர் வீடு திரும்பவில்லை.

வேறு சிலர், வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைப் பார்த்து, காய்ச்சல் கண்ட மறுநாளே கடையில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்கியிருந்தார்கள். டெக்சாமெதசோன் உயிர் காக்கும் மருந்துதான். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக 2020-இல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்று சொன்னதும் அதே ஆய்வுதான். தெரியாத சர்க்கரைமேல் ஸ்டீராய்டும் சேர்ந்து, அவர்களில் சிலர் கண் வீங்கி, கருப்புப் பூஞ்சையோடு திரும்பி வந்தார்கள்.

தடுப்பூசி அப்போது இருந்தது. ஏப்ரல் 1 முதல் 45 வயதைக் கடந்த எல்லோருக்கும் போட்டார்கள். அண்மையில்தான் ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் ஏப்ரல் 17 அன்று மாரடைப்பால் இறந்தார். மாரடைப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். "அவருக்கே அப்படி ஆச்சே" என்ற பேச்சு அதைவிட வேகமாகப் பரவியது. கர்ப்பிணிகளுக்கோ, பயம் இல்லாவிட்டாலும் போட வழியில்லை. ஜூலை 2 அன்றுதான் அனுமதி வந்தது. அதற்குள் நிறைமாத வயிற்றோடு ஆக்சிஜனுக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்துவிட்டோம்.

அரசின் தினசரி அறிக்கையில், இறந்தவர்களில் இணை நோய் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று தனியாக ஓர் எண் வரும். டிவியில் அதைக் கேட்கும்போதெல்லாம், இவர்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது சர்க்கரை பார்த்திருப்பார்கள் என்று தோன்றும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீடு தேடிப் போய் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கும் திட்டம். அதைப் பெருந்தொற்றோடு சேர்த்து யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், அடுத்த கிருமிக்கு எதிராக நாம் செய்துகொண்டிருக்கும் பெரிய ஏற்பாடு அதுதான். வென்டிலேட்டரை அவசரத்துக்கு வாங்கிவிடலாம்; பத்து வருஷம் கவனிக்காமல் விட்ட உடம்பை வார்டில் பத்து நாளில் சரிசெய்ய எங்களால் முடியவில்லை.