விழுந்த கொம்பு யாருக்குச் சொந்தம்?

முத்தாபுதுப்பேட்டையில் இறங்கி, "அண்ணே, இங்க மான் வேட்டைக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் ஆவடி விமானப்படை நிலையத்தின் நீளமான காம்பவுண்டு சுவர். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் சி.ஆர்.பி.எஃப். முகாம். 1965-ல் 'விஜயந்தா' டாங்க்கைச் செய்து வெளியே அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலையும் இதே ஆவடியில்தான். துப்பாக்கியும் சீருடையும் இந்தப் பக்கத்துக்கு ரொம்பப் பழக்கம். ஆனால் வேட்டை? அதுக்கு நீங்க ஐம்பது வருஷம் லேட்!

1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதைக்கு ஃபுல்ஸ்டாப் வைத்துவிட்டது. அதுக்கு முன்னாடி வேட்டைக்கு லைசென்ஸ் இருந்தது, சீசன் இருந்தது, கிளப்பே இருந்தது. நீலகிரியில் 1877-ல் வேட்டைக்காரர்களே சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். கண்டபடி சுட்டுத் தள்ளினால் நாளைக்குச் சுட ஒண்ணும் மிஞ்சாது என்கிற பயம்தான் காரணம். 1879-ல் அதுக்காகத் தனிச் சட்டமே வந்தது. துரைமாருக்கு வேட்டை பொழுதுபோக்கு. வேட்டையையே சோறாக நம்பி இருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்க்க நீங்க ஊட்டிக்குப் போக வேண்டாம். ஆவடியிலேயே நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது.

பாசிமணியும் ஊசியும் விற்கிற அக்காவின் தாத்தாவிடம் நாட்டுத் துப்பாக்கி இருந்திருக்கும். வேட்டைக்குத் தடை வந்தபோது துரைமார்கள் போய்விட்டிருந்தார்கள். தொழிலை விட்டது இவர்கள்தான். 2022 ஏப்ரலில் முதல்வர் மு.க.ஸ்டாலின் ஆவடி குடியிருப்புக்கு நேரில் வந்தார். அதே ஆண்டு டிசம்பரில், நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா பார்லிமென்ட்டில் நிறைவேறியது. வேட்டைத் தடைக்கு அரை நூற்றாண்டு கழித்து! அடுத்த தடவை அந்த அக்காவிடம் பேரம் பேசும்போது இதை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

சரி, மானைப் பார்க்கணும். கிளம்பலாமா? ஒரு எச்சரிக்கை: கேமராவைப் பையிலேயே வையுங்கள். ராணுவச் சுவர் பக்கம் போட்டோ எடுக்கக் கூடாது.

ஆவடி டு கிண்டி

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடி ஸ்டேஷன். அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெய்னில் சென்ட்ரல். ரோட்டைத் தாண்டினால் பூங்கா ஸ்டேஷன். தாம்பரம் ட்ரெய்னைப் பிடித்தால் கிண்டி. மெட்ரோ பிடிக்கும் என்றால் சென்ட்ரலிலிருந்து கிண்டிக்கு அதுவும் நேராகவே போகிறது. காலையிலேயே கிளம்புங்கள். வெயில் ஏறினால் மான்கள் நிழலுக்குள் போய்ப் படுத்துவிடும். அப்புறம் நீங்க பார்ப்பது வெறும் புதர்தான்.

கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர். மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. நாட்டிலேயே ரொம்பச் சின்ன தேசியப் பூங்காக்களில் இதுவும் ஒன்று. ஒரு காலத்தில் கவர்னர் மாளிகையைச் சுற்றி இருந்த பெரிய காடு இது. 1958-க்குப் பிறகு ஒரு பெரிய துண்டு ஐ.ஐ.டி.க்குப் போனது. காந்தி மண்டபம், ராஜாஜி, காமராஜர் நினைவிடங்கள் என்று இன்னும் சில துண்டுகள் போயின. மிச்சம் இருந்ததை 1978-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். உள்காட்டுக்குள் இஷ்டத்துக்குப் போக முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். சர்தார் படேல் சாலையில் இருக்கும் சிறுவர் பூங்காவுக்கு டிக்கெட் வாங்கிப் போகலாம். வாராந்திர விடுமுறை எந்த நாள் என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

காலேஜ் பசங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு. ஐ.ஐ.டி.யில் 'சாரங்' நடக்கும்போது பாட்டு, டான்ஸ் பார்க்கப் போவீங்க இல்லையா? அப்போ ஓரமாகப் புல் மேய்ந்துகொண்டிருப்பதையும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.

கொம்பு ரெண்டு வகை

இங்கே ரெண்டு மான் இருக்கு. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி என்றால் புள்ளிமான். முறுக்கின கொம்பும், ஆணுக்கு மேலே கறுப்பும் கீழே வெள்ளையுமாக இருந்தால் வெளிமான். ஜனங்கள் கலைமான் என்றும் சொல்வார்கள். 1998-ல் ஜோத்பூர் பக்கம் ஷூட்டிங்குக்குப் போன சல்மான் கான் மேல் வழக்கு வந்தது இந்த வெளிமானைச் சுட்டதாகத்தான். இருபது வருஷம் இழுத்து, 2018 ஏப்ரலில் 5 ஆண்டு சிறை என்று கோர்ட் தீர்ப்பு சொன்னது. ரெண்டு நாளில் ஜாமீனில் வந்து, மேல்முறையீட்டுக்குப் போனார். அந்த வழக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பிஷ்னோய் கிராமத்து ஜனங்கள்.

இந்த ரெண்டு மானின் கொம்பும் ஒண்ணு இல்லை. வெளிமானின் கொம்பு மாட்டுக்கொம்பு மாதிரி. உள்ளே எலும்பு, மேலே நம்ம நகத்தில் இருக்கிற அதே பொருளால் ஆன உறை. ஆயுசுக்கும் ஒரே ஜோடிதான். புள்ளிமானின் கொம்பு முழுக்க எலும்பு. ஆணுக்கு மட்டும்தான் வரும். முளைக்கும்போது வெல்வெட் துணி மாதிரி ஒரு தோல் மூடியிருக்கும். அந்தத் தோலில் ஓடும் ரத்தம்தான் கொம்பை வளர்க்கிறது. வளர்ந்து முடிந்ததும் தோல் காய்ந்து உரியும். மான் அதை மரத்தில் தேய்த்துத் தேய்த்துக் கழற்றும். ஒவ்வொரு கொம்பிலும் மூணு முனை. பெரிய ஆணுக்கு முக்கால் மீட்டருக்கும் மேலே போகும். இணை சேரும் சீசன் முடிந்து கொஞ்ச நாளில் அடிப்பகுதி இளகி, கொம்பு தானாகக் கீழே விழும். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பம். வருஷா வருஷம் இதேதான்!

எல்லா ஆணுக்கும் ஒரே மாசத்தில் விழாது. அதனால் ஒரே கூட்டத்தில் ஒண்ணு முழுக் கொம்போடும், ஒண்ணு வெல்வெட்டோடும், ஒண்ணு மொட்டைத் தலையோடும் நிற்கும். மொட்டைத் தலையைப் பார்த்து 'பெண் மான்' என்று ஃப்ரெண்ட்ஸிடம் அடித்து விடாதீர்கள். உச்சந்தலையில் ரெண்டு குமிழ் தெரிகிறதா என்று பாருங்கள்.

எடுத்தா என்ன தப்பு?

இப்போ விஷயத்துக்கு வருவோம். நடந்து போகிறீர்கள். காய்ந்த சருகுக்கு நடுவில் அழகா ஒரு கொம்பு கிடக்கிறது. மானே வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனது. யாரும் சுடவில்லை, ரத்தம் இல்லை. வீட்டு ஷோகேஸில் வைத்தால் எப்படி இருக்கும்! எடுத்தா என்ன தப்பு?

அமெரிக்காவில் இதே கொம்பு பொறுக்குவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. பனிக்காலத்தில் கொம்பு விழுந்ததும் குடும்பமாகத் தேடப் போவார்கள். மோப்பம் பிடிக்க நாயைப் பழக்குகிறவர்களும் உண்டு. வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் ஊரில், எல்க் மான்கள் போட்ட கொம்புகளைச் சாரணர் பசங்கள் பொறுக்கி, வருஷா வருஷம் மே மாசம் ஏலம் விடுகிறார்கள். பணத்தில் பெரும்பகுதி அந்தச் சரணாலயத்துக்கே போகிறது. அங்கேயும் கட்டுப்பாடு இருக்கிறது. குளிர்கால முடிவில் பட்டினியால் துவண்ட மானை, கொம்பு தேடுகிறேன் என்று துரத்தினால் அது செத்தே போகும். அதனால் மே மாசம் வரை பல இடங்களில் தேடத் தடை.

நம்ம ஊர் நிலைமை வேற. இங்கேயும் ஒரு காலத்தில் உதிர்ந்த கொம்பு வியாபாரம் நடந்தது. இந்திய மான்கொம்பில் கைப்பிடி போட்ட கத்திகளுக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வரை கிராக்கி. உதிர்ந்ததா, அறுத்ததா என்று முழுக் கொம்பைப் பார்த்தால் சொல்லிவிடலாம். தானாக விழுந்ததன் அடியில் சொரசொரப்பான வட்டமும், அதில் லேசான குமிழும் இருக்கும். கொன்று எடுத்ததில் மண்டையோட்டு எலும்பு ஒட்டியிருக்கும், இல்லை என்றால் ரம்பத் தடம் இருக்கும். ஆனால் அடியை வெட்டி, கத்திப் பிடியாகவும் பட்டனாகவும் கடைந்த பிறகு? எந்த ஆபீசராலும் சொல்ல முடியாது. உதிர்ந்த கொம்புக்கு விலை இருக்கிற வரைக்கும், மானைச் சுட்டவனும் 'பொறுக்கினேன் சார்' என்றுதான் சொல்லுவான்.

அதனால் கதவை முழுசாகச் சாத்தினார்கள். 1990-களின் கடைசியில் ஏற்றுமதி நின்றது. 2002-ல் சட்டத்தைத் திருத்தியபோது கொம்பையும் பட்டியலில் சேர்த்தார்கள். 2003-ல், 'வீட்டில் பழசு எதாவது இருந்தால் 180 நாளுக்குள் தெரிவியுங்கள்' என்று ஒரு வாய்ப்பும் கொடுத்தார்கள். இன்றைக்குச் சட்டப்படி காட்டில் கிடக்கும் கொம்பு அரசாங்கச் சொத்து. எப்படியோ உங்க கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறையிலோ சொல்ல வேண்டும். முத்தாபுதுப்பேட்டைக்காரர் என்றால் உங்க ஊர் பேரிலேயே ஸ்டேஷன் இருக்கு, தேட வேண்டாம்! சொல்லாமல் வைத்துக்கொண்டால் 3 ஆண்டு வரை சிறை, இல்லை அபராதம், இல்லை ரெண்டும். அபராதத்தின் உச்சவரம்பு 25 ஆயிரமாக இருந்தது. 2022 திருத்தத்தில் அதை ஒரு லட்சம் ஆக்கிவிட்டார்கள்.

சட்டத்தை விடுங்கள். அந்தக் கொம்பு அங்கே சும்மா கிடக்கவில்லை. அது கால்சியமும் பாஸ்பரஸும். எலிகளும் முள்ளம்பன்றிகளும் அதைக் கொறித்துத் தின்னும். சமயத்தில் மானே வந்து மெல்லும். மிச்சம் மண்ணுக்குப் போகும். உங்க ஷோகேஸில் அது வெறும் தூசி தட்டுகிற வேலை.

விரலை மெல்ல அழுத்து

வெறுங்கையோடு திரும்பணுமா? வேண்டாம். போட்டோவோடு திரும்புங்கள். இங்கேதான் பழைய வேட்டைக்காரர்களின் வித்தை உதவும். அவர்கள் கையை நம்பிச் சுட மாட்டார்கள். எதிலாவது தாங்கல் கொடுத்துத்தான் சுடுவார்கள். கை ஆடினால் குண்டு மானின் காலிலோ வயிற்றிலோ படும். அது ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகும். சுட்டவனுக்கும் கிடைக்காது. மூணு குச்சியைச் சேர்த்துக் கட்டியது, மரக்கிளை, மணல் மூட்டை... எல்லாமே ஆட்டத்தைக் குறைக்கத்தான். என்.சி.சி.யில் படுத்துக்கொண்டு பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் 25 மீட்டர் தூரத்துக்குச் சுட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

கேமராவுக்கும் அதே பாடம்தான். ஒண்ணு, எலும்பு தாங்கணும், தசை தாங்கக் கூடாது. தரையில் உட்கார்ந்து முழங்காலைத் தூக்கி, முழங்கையை அதில் ஊன்றுங்கள். முட்டி எலும்பின் உச்சியில் வைத்தால் வழுக்கும். கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள். ரெண்டு, ஒரு சின்னத் துணிப்பையில் அரை கிலோ அரிசி கட்டி எடுத்துப் போங்கள். கட்டைச்சுவர் மேல் அதை வைத்து, அதன்மேல் லென்ஸை அமர்த்தினால் ட்ரைபாடே வேண்டாம். மூணு, மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிற்கிற அந்த ஒரு நொடியில் பட்டனை மெல்ல அழுத்துங்கள். குத்தாதீர்கள். நாலு, 300 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 300-ல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. செல்போன் வைத்திருப்பவர்களுக்கும் மரத்தில் சாய்ந்து எடுப்பது நல்ல பலன் தரும்.

கொடுக்காதீங்க, போடாதீங்க

கடைசியா ஒண்ணு. இன்றைக்குச் சென்னை மானைக் கொல்வது ரைஃபிள் இல்லை. ஐ.ஐ.டி. வளாகத்தில் செத்த மான்களை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் பிளாஸ்டிக் உருண்டைகள் கிடந்தன. சாப்பாட்டு வாசம் ஒட்டின கவரை மான் அப்படியே விழுங்கிவிடும். அது செரிக்காது, வெளியேயும் போகாது. வயிறு நிறைந்த மாதிரியே இருந்து பட்டினியில் சாகும். தெருநாய்கள் துரத்தி இறப்பது இன்னொரு பக்கம். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். போலோ கிரவுண்டைச் சுற்றி இருந்த புல்லைப் புதர் மூடிக்கொண்டே வந்ததில் அதற்கு இடம் சுருங்கிவிட்டது.

அதனால் போகும்போது சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் கவரைப் பையில் போட்டுத் திரும்ப ஆவடி வரை கொண்டுவாருங்கள். பிஸ்கட்டை வேலிக்குள் நீட்டாதீர்கள். நாயை உசுப்பாதீர்கள். சருகில் கொம்பு கிடந்தால் அரிசிப் பையைத் தரையில் வைத்து, குனிந்து, அழகா ஒரு குளோஸ்-அப். அப்புறம் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். அதைப் போட்ட ஆண் மான் பக்கத்துப் புதரில் நின்றுகொண்டு அடுத்த ஜோடியை வளர்க்க ஆரம்பித்திருக்கும்.